பசிக்காகக் காத்திருக்க வேண்டாம்

முதுமையில் பசி குறையும்போது போதிய அளவு உண்பது எப்படி?

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கி, அரவிந்தர் சாலையில் தில்லி ஹாட்டுக்கு எதிரே அமைந்துள்ள அச்சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, நேந்திரன் பழம், நல்லெண்ணெய், அப்பளம், மீன் என நம் ஊர்ச் சமையலுக்கு வேண்டியவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர், கிட்வாய் நகர் ஆகிய அரசுக் குடியிருப்புகளில் பணிக்காலத்தைக் கழித்த பல தமிழ்க் குடும்பங்கள் மாதந்தோறும் பையுடன் சென்று வந்த சந்தை அது. ஓய்வு பெற்று மயூர் விகார் போன்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தவர்களும் மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறி, வண்டி மாறாமலேயே அங்கு வந்து சேரலாம்.

அப்படி வந்து செல்லும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். வயது 74. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்பு இரண்டு பை நிறைய வாங்கியவர், இப்போது ஒரு கட்டுக் கறிவேப்பிலை, ஒரு பாக்கெட் அப்பளம், கால் கிலோ பருப்பு ஆகியவற்றோடு திரும்பிவிடுகிறார். இரவு எட்டு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் தொலைபேசியில் அழைக்கிறார்.

“அப்பா, சாப்பிட்டாச்சா?”

“ஆச்சும்மா.”

அந்தப் பதில் பொய்யன்று. காலையில் காபியும் இரண்டு பிஸ்கட்டும், நண்பகலில் ஒரு கரண்டி இரசம் சாதமும் அப்பளமும், இரவில் ஒரு டம்ளர் கஞ்சியும் அவர் உட்கொண்டிருக்கிறார். பசி எடுக்கவில்லை, ஆகவே அதற்கு மேல் உண்ணத் தோன்றவும் இல்லை. சென்ற ஆண்டு 60 கிலோவாக இருந்த உடல் எடை இப்போது 55 கிலோ. சட்டை தொளதொளத்தபோது, வயதானால் இளைப்பது இயல்புதானே என்று எண்ணிக்கொண்டார். மகளுக்கோ எதுவும் தெரியாது. அவர் கேட்ட கேள்விக்கு நாள்தோறும் சரியான பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இத்தகைய பெரியவர் நம் வாடிக்கையாளர் பலரின் இல்லங்களில் இருக்கிறார். தொலைவில் இருக்கும் பிள்ளைகளாகிய வாடிக்கையாளரும் பலர். ஆகவே, பசி குறைந்த நிலையிலும் உடலுக்குப் போதிய உணவு கிடைக்கச் செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பசி என்னும் மணி

வயிறு காலியாக இருந்தால் பசிக்கும், நிறைந்தால் பசி அடங்கும் என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், தம் மாணவர் வாஷ்பர்னை ஒரு சிறு பலூனை விழுங்கச் செய்து, இரைப்பை சுருங்கும் நேரங்களும் பசி தோன்றும் நேரங்களும் ஒத்திருப்பதைப் பதிவு செய்தார். ஆயினும் பசி இரைப்பையில் மட்டும் பிறப்பதன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களான கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசிச் செய்தியைக் கொண்டு செல்லும் ‘கிரெலின்’ என்னும் இயக்குநீரைக் கண்டறிந்தனர். இதைப் போலவே, ‘போதும்’ என்ற செய்தியைச் சொல்லும் இயக்குநீர்களும் குடலில் உள்ளன.

முதுமையில் இந்தச் செய்திகளின் சமநிலை மாறுகிறது. இரைப்பை முன்போல் எளிதில் விரிந்து கொடுப்பதில்லை. உண்டது கீழிறங்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. ‘போதும்’ என்னும் செய்தி விரைவில் மூளையை எட்டுகிறது. மணமும் சுவையும் மங்குகின்றன. நடமாட்டம் குறைவதால் உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. இவை அனைத்தும் சேர்ந்த நிலையை மருத்துவ அறிஞர்கள் ‘முதுமைப் பசியின்மை’ என்று குறிப்பிடுகின்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சூசன் ராபர்ட்ஸ் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் 21 நாட்கள் தேவைக்குக் குறைவான உணவு கொடுத்து, அதன்பின் விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டுவிட்டனர். இளைஞர்கள் வழக்கத்தைவிட அதிகமாக உண்டு, இழந்த எடையை மீட்கத் தொடங்கினர். முதியவர்களுக்கு அந்தக் கூடுதல் பசி எழவே இல்லை. அவர்கள் இழந்ததை ஈடுசெய்யவில்லை.

இளமையில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தால், அடுத்த வாரம் பசி தானாகவே பெருகி இழந்ததை மீட்டுத் தருகிறது. முதுமையில் ஒவ்வொரு காய்ச்சலும், ஒவ்வொரு பயணமும், ஒவ்வொரு துயரமும் எடையில் கொஞ்சத்தை எடுத்துச் சென்றுவிடுகின்றன. அதைத் திரும்பக் கேட்டு வாங்கும் பசி எழுவதில்லை. நடப்பு மாதத்தில் பணம் கட்டத் தவறினால் நினைவூட்டல் வரும் என்று நம்பியிருக்கும் வேளையில், அந்த நினைவூட்டல் சேவையே நின்று போயிருப்பதைப் போன்றது இது.

குறைவது கொழுப்பு மட்டுமன்று

முயற்சியின்றி எடை குறைவதை நற்செய்தியாகக் கருதுவோர் உண்டு. ஆனால் முதுமையில் போதிய உணவின்றி இளைக்கும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. நாற்காலியிலிருந்து எழுவதும், மெட்ரோ நிலையத்தின் படிகளில் ஏறுவதும், கால் இடறும்போது நிலைகொள்வதும் தசையின் வேலைகள். தசை குறைந்தால் கீழே விழும் வாய்ப்பு கூடுகிறது. எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தால் தசை மேலும் விரைவாகக் கரைகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைவதும் புண் ஆறத் தாமதமாவதும் இதன் தொடர்விளைவுகள்.

வீட்டிலேயே செய்யத்தக்க இரண்டு சோதனைகளை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, எடைக் கணக்கு. எந்த முயற்சியுமின்றி ஆறு மாதங்களில் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்திருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 3 கிலோ.

இரண்டாவது, ஜப்பானில் வழக்கத்திலுள்ள விரல்வளையச் சோதனை. நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளின் கட்டைவிரல்களையும் ஆட்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையம் அமைத்து, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்துக்குள் அடங்காமல் கால் பருத்திருந்தால் கவலையில்லை. வளையத்துக்கும் காலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்கக்கூடும்.

முதலில் காரணத்தைத் தேடுக

பசியின்மை அனைத்தையும் வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எளிதில் தீர்க்கத்தக்க காரணங்கள் பல உள்ளன.

பற்களும் வாயும்: பொருந்தாத பல்செட், ஈறு வலி, வாய் உலர்தல் ஆகியவை இருந்தால் மெல்வது துன்பமாகிறது. மெல்ல இயலாதவர் முதலில் கைவிடுவது பருப்பு, கடலை, காய்கறி, இறைச்சி போன்றவற்றை; எஞ்சுவது குழைந்த சோறு மட்டுமே.

மலச்சிக்கல்: இது வயிற்றில் எப்போதும் நிறைந்திருக்கும் உணர்வைத் தருகிறது.

மருந்துகள்: நீரிழிவுக்கான மெட்பார்மின், இதய நோய்க்கான டிகாக்சின், இரும்புச்சத்து மாத்திரைகள், சில வலி நிவாரணிகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை பசியைக் குறைக்கக்கூடும். அண்மையில் பரவலாகியுள்ள செமாகுளூட்டைடு, டிர்செபடைட் ஆகிய மருந்துகள் பசியைக் குறைப்பதன் வழியாகவே எடையைக் குறைக்கின்றன. எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி, “இவற்றுள் எது பசியைக் குறைக்கிறது?” என்று கேட்பதே முறை.

மனச்சோர்வு: துணையை இழந்தவர், நோயாளியை நெடுநாள் பராமரித்து ஓய்ந்தவர், வீடு மாறியவர் ஆகியோருக்கு உணவில் நாட்டம் போய்விடுகிறது. “யாருக்காகச் சமைப்பது?” என்ற கேள்வி பலரின் அடுப்பை அணைத்துவிடுகிறது. இதற்கும் சிகிச்சை உண்டு.

மறைந்திருக்கும் நோய்கள்: காசநோய், தைராய்டுக் கோளாறு, சிறுநீரக நோய், இரைப்பைப் புண், புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அறிகுறியாகவும் பசியின்மை அமையலாம்.

‘பசித்துப் புசி’ என்ற மூதுரை

பசித்த பின்னரே உண்ண வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்ணுமாறு திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் அறிவுறுத்துகிறது. ஆகவே, பசியில்லாமல் உண்பது உடலுக்குத் தீங்கு என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஆழப் பதிந்துள்ளது.

அந்த அறிவுரை பிழையன்று. பசி என்னும் மணி சரியாக அடிக்கும் உடலுக்கு அது முற்றிலும் பொருந்தும். மணியே பழுதடைந்தவருக்கு அதைக் கேட்டு நடக்கும் வழி இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும். அவரும் முன்னோர் சொன்ன அளவை மீற வேண்டியதில்லை. ஒருவேளைக்குச் சிறிதளவு, நாளைக்கு ஐந்து அல்லது ஆறு வேளை என்று பகுத்துக்கொண்டால் வயிற்றுக்கும் சுமையில்லை, உடலுக்கும் குறைவில்லை.

வங்கியில் ‘நிலையான அறிவுறுத்தல்’ ஒன்றைப் பதிவு செய்துவிட்டால், குறித்த நாளில் குறித்த தொகை தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகச் செல்கிறது. அன்றன்று நமக்குச் சேமிக்கும் மனநிலை இருந்ததா என்று வங்கி கேட்பதில்லை. பசி குறைந்தவரின் உணவும் இவ்வாறே நேரப்படி நடைபெற வேண்டும். கைப்பேசியில் ஆறு அலாரங்கள் வைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி. சில வாரங்கள் தொடர்ந்து நேரப்படி உண்டால், அந்நேரங்களில் ஓரளவு பசி தோன்றத் தொடங்குவதையும் பலர் உணர்வர்.

அளவு சிறிது, செறிவு பெரிது

வயிற்றில் இடம் குறைவு என்பதை ஏற்றுக்கொண்ட பின், அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே அடுத்த வினா. பசியற்றவர்கள் பெரும்பாலும் இரசம், நீர்மோர், கஞ்சித் தெளிவு, தேநீர் ஆகியவற்றை நாடுகின்றனர். இவை எளிதில் இறங்கும். ஆனால் வயிற்றை நீரால் நிரப்பிவிடும்.

ஒரே டம்ளர் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். 20 கிராம் சத்துமாவை நீரில் காய்ச்சினால் ஏறத்தாழ 75 கலோரி கிடைக்கிறது. அதே மாவை 200 மில்லிலிட்டர் நிறைகொழுப்புப் பாலில் காய்ச்சினால் ஏறத்தாழ 245 கலோரியும், கூடுதலாக 6 கிராம் புரதமும் கிடைக்கின்றன. அதனுடன் இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரைக் கலந்தால் புரதம் மேலும் 5 கிராம் உயர்கிறது. குடிப்பவருக்கு டம்ளர் ஒன்றுதான்.

இவ்வாறு செறிவூட்டுவதற்குத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாம் வழக்கமாக வாங்குபவையே.

நல்லெண்ணெய்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி. இட்லிக்கு மிளகாய்ப்பொடியைத் தாராளமாக எண்ணெய் விட்டுக் குழைப்பது நம் பாட்டிமார் அறிந்த செறிவூட்டல். சூடான பருப்புச் சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரியைச் சேர்க்கிறது.

வேர்க்கடலை: ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏறத்தாழ 170 கலோரியும் 7 கிராம் புரதமும் தரும். மெல்ல இயலாதவர் பொடித்துக் கஞ்சியிலோ துவையலிலோ சேர்க்கலாம். பொட்டுக்கடலை, எள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

பருப்பு: நீர்த்த சாம்பாரைவிடக் கெட்டிப் பருப்பு மேல். உலர்ந்த 30 கிராம் பருப்பில் 6 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அடை, சுண்டல், பருப்பு உசிலி ஆகியவை புரதம் மிக்க பலகாரங்கள்.

முட்டையும் மீனும்: ஒரு முட்டையில் ஏறத்தாழ 70 கலோரியும் 6 கிராம் புரதமும் உள்ளன. மீன் மென்மையானது, பல் வலுவற்றவரும் உண்ணலாம். 75 கிராம் மீன் ஏறத்தாழ 15 கிராம் புரதம் தரும்.

பாலும் தயிரும்: நிறைகொழுப்புப் பால் 200 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 170 கலோரி, சமன்படுத்தப்பட்ட பாலில் அதே அளவுக்கு 115 கலோரியளவே. நடுவயதில் எடை குறைப்பதற்காகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறியவர், முதுமையில் இளைத்துவரும்போதும் அதையே தொடர்வது பொருத்தமன்று.

புரதத்தைப் பொறுத்தவரை, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வயது வந்தோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று பரிந்துரைக்கிறது. இந்நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் தொடங்கப்பெற்று, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தசையைக் காக்க வேண்டிய முதியவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது பன்னாட்டு முதியோர் மருத்துவ வல்லுநர்களின் கருத்து. அதாவது 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் குறித்த அளவைத் தாண்டக் கூடாது.

ஒரு நாள் உணவு: ஒரு மாதிரி

காலை 6.30: ஒரு டம்ளர் நிறைகொழுப்புப் பால், அல்லது பால் மிகுந்த காபி.

காலை 8.30: இரண்டு இட்லி, எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடி, ஒரு முட்டை. முட்டை உண்ணாதவருக்கு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு சாம்பார்.

முற்பகல் 11.00: ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரண்டு பேரீச்சம்பழம்.

பிற்பகல் 1.00: ஒரு சிறு கிண்ணம் சோறு, நெய் விட்ட கெட்டிப் பருப்பு, காய்கறி, ஒரு துண்டு மீன். சைவ உணவினருக்குப் பனீர் அல்லது பருப்பு உசிலி. இறுதியில் கெட்டித் தயிர்.

மாலை 4.30: அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது நெய்யில் வாட்டிய நேந்திரன் பழம்.

இரவு 7.30: ஒரு அடை, வெண்ணெயுடன், அல்லது பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி.

இரவு 9.00: ஒரு டம்ளர் பால்.

எந்த ஒரு வேளையும் தட்டு நிறைவதில்லை; ஆயினும் நாள் முடிவில் ஏறத்தாழ 60 கிராம் புரதம் சேர்ந்துவிடுகிறது. ஒருவேளை முழுதும் உண்ண இயலாவிட்டால் முட்டை, பருப்பு, மீன், தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றை மிச்சம் வைக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கும் நேந்திரனுக்கும் மாற்றாகக் கடலையும் சுண்டலும் கொள்ளலாம். அவர்கள் இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மருந்து எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். அவர்களுக்குப் பசியின்மை உடனடியாக மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

நாவும் மூக்கும் பருவமும்

மங்கிய சுவையுணர்வைத் தூண்ட உப்பைக் கூட்டுவது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். அதற்கு மாற்றாக இஞ்சி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவற்றின் மணத்தையும் புளிப்பையும் கூட்டலாம். கறிவேப்பிலைத் துவையலும் இஞ்சித் துவையலும் சோற்றைக் கூடுதலாக இரண்டு கவளம் உள்ளே செல்ல வைக்கும். தாளிக்கும் மணம் வீட்டில் எழுவதே பசிக்கு ஓர் அழைப்பு. கடையிலிருந்து வரும் ஆறிய பொட்டலத்தில் அந்த அழைப்பு இருப்பதில்லை.

உணவுக்கு முன் தேநீரோ நிறையத் தண்ணீரோ அருந்தினால் இருக்கும் சிறு இடமும் நிறைந்துவிடும். தண்ணீரை இரு வேளைகளுக்கு இடையில் அருந்த வேண்டும். முதுமையில் தாகமும் குறைவதால் இதற்கும் கடிகாரமே துணை. உணவுக்கு அரைமணி நேரம் முன்பு சிறிது நடப்பது பசியைத் தூண்டும்; அத்துடன் உண்ட புரதம் தசையாக மாறுவதற்கும் உடலுழைப்பு தேவை.

தில்லியின் கோடையில் வெப்பம் 45 பாகையை நெருங்கும் நாட்களில் இளைஞருக்கே பசி அடங்கிவிடும். அப்பருவத்தில் நாளின் பெரும்பகுதி உணவைக் காலை 9 மணிக்கு முன்பும் கதிரவன் மறைந்த பின்பும் அமைத்துக்கொண்டு, நண்பகலில் தயிர்சாதம், கெட்டி லஸ்ஸி, பழம் சேர்த்த பால் என்று எளிமைப்படுத்தலாம். குளிர்காலம் இழந்த எடையை மீட்க ஏற்ற பருவம்.

உடன் அமர்ந்து உண்பவர்

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் டி காஸ்ட்ரோ, மக்கள் தாம் உண்டவற்றைக் குறித்து வைத்த நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். தனியே உண்ட வேளைகளைவிடப் பிறருடன் உண்ட வேளைகளில் உணவின் அளவு 44 விழுக்காடு அதிகமாக இருந்ததை 1989-இல் வெளியிட்டார். விருந்தினரோடு உண்பதைச் சிறப்பாகப் போற்றிய நம் மரபுக்கு இது வியப்பான செய்தியன்று. ஆனால் தனித்து வாழும் முதியவருக்கு மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்து இதுவே.

வாரத்தில் இரண்டு நாள் அண்டை வீட்டாருடன் சேர்ந்து உண்ணலாம். தனித்து வாழும் இரு நண்பர்கள் முறைவைத்துச் சமைக்கலாம். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் தரிசனத்துக்கோ தில்லித் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்கோ செல்லும் நாளில் நண்பர்களோடு உணவருந்தித் திரும்பலாம். சந்தைக்குச் செல்வதும் பயன் தரும்: நடை, மனிதர்களின் முகம், கடைக்காரரோடு இரண்டு சொல், மீனும் மசாலையும் கலந்த மணம் ஆகிய அனைத்தும் பசியைத் தட்டி எழுப்புபவை. ஆகவே, பொருள்களை வீட்டுக்கே வரவழைக்கும் வசதி இருந்தாலும், இயன்றவர்கள் வாரம் ஒருமுறையேனும் பையுடன் புறப்படுவது நல்லது.

தொலைவிலிருக்கும் பிள்ளைகள் தங்கள் கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும். “சாப்பிட்டாச்சா?” என்ற கேள்விக்கு “ஆச்சு” என்பதைத் தவிர வேறு பதில் வர வழியில்லை. “இன்று மதியம் என்ன சமைத்தீர்கள்? முட்டை தீர்ந்துவிட்டதா? பால் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள்?” என்று கேட்டால் உண்மை நிலை தெரியும். இயன்றால் தொலைபேசி அழைப்பையே உணவு வேளைக்கு மாற்றி, காணொளியில் இருவரும் ஒரே நேரத்தில் உண்ணலாம்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் வீட்டு வழிகளை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது:

• ஆறு மாதங்களில் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எடை குறைதல்
• விழுங்கும்போது வலி அல்லது தடை, தொடர்ந்த வாந்தி, கறுத்த மலம்
• இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல்
• இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும் உணர்வு
• எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, வாழ்வில் சலிப்பு
• உண்டதை மறத்தல், சமைக்கும் முறையை மறத்தல்

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். பசியைத் தூண்டும் மருந்தென்று பலர் தாமாக வாங்கி அருந்தும் சைப்ரோஹெப்டடின் கலந்த பானங்கள், முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கம், மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கி, கீழே விழவும் காரணமாகலாம். மருத்துவர் எழுதித் தராமல் அவற்றை அருந்தக் கூடாது. அடுத்து, ஐந்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவுமே உண்ணாதிருந்தவருக்குத் திடீரென நிறைய உணவளிப்பது இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவை ஆபத்தான வகையில் தாழ்த்திவிடும். அத்தகையோருக்கு மருத்துவமனையின் மேற்பார்வையில் படிப்படியாகவே உணவு தொடங்க வேண்டும்.

ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்துக்கு அடுத்த நிலையமே எய்ம்ஸ். அங்கு முதியோர் மருத்துவத்துக்கெனத் தனித்துறை உள்ளது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் வி.எஸ். நடராசன் முயற்சியால் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்து வழிகாட்டுதல் பெறலாம்.

நவம்பரில் ஒரு பதிவு

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கிறார்கள். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். கிளைக்கு நேரில் வந்தாலும், கைப்பேசி வழியாக ‘ஜீவன் பிரமாண்’ முறையில் அளித்தாலும், அந்த நாளில் மற்றொரு பதிவையும் செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அருகிலுள்ள மருந்துக்கடையில் எடை பார்த்து, நாளும் எடையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் வரவு வைக்கப்படும் நாளில் எடை பார்த்து அடுத்த வரியில் எழுதுங்கள். கணக்கில் இருப்பு குறைந்தால் நாம் உடனே கவனிக்கிறோம். உடலின் இருப்புக்கும் அதே கவனம் உரியது.

நம் பெரியவரிடம் திரும்புவோம். மகள் ஒருநாள் கேள்வியை மாற்றிக் கேட்டார்: “அப்பா, இந்த மாசம் எடை எவ்வளவு?” அந்த ஒரு கேள்வியால் மருந்துப் பட்டியலும் பல்செட்டும் மருத்துவரின் பார்வைக்குச் சென்றன. கைப்பேசியில் ஆறு அலாரங்கள் ஏறின. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து திரும்பும் பையில் வேர்க்கடலையும் முட்டையும் நேந்திரனும் மீண்டும் இடம்பெற்றன. பசி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆயினும் முற்பகல் பதினொன்றுக்கு அலாரம் ஒலிக்கும்போது அவர் எழுந்து சென்று கடலை டப்பாவைத் திறக்கிறார். குறிப்பேட்டின் கடைசி வரியில் 56 என்று எழுதப்பட்டுள்ளது.